கிராந்தி பாத்து பலன் சொல்லலாமா? எல்லை தாண்டின சந்திரனும் அயன பலமும்

நொய்யல்_மீனா:
எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்ப ஒரு விஷயம் கேட்டே ஆகணும். எங்க பையன் 2024 டிசம்பர் 15 பௌர்ணமி அன்னிக்கு சாயங்காலம் பொறந்தான், மிதுன ராசி, மிருகசீரிஷம் 3ம் பாதம். ஆன்லைன்ல ஒரு ஜோதிடர்கிட்ட ஜாதகம் காமிச்சோம். ராசி, நவாம்சம் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு கடைசில டெக்லினேஷன்னு ஒரு டேபிள் எடுத்து வச்சாரு. சந்திரன் 28 பாகைக்கு மேல வடக்க நிக்குது, இது எல்லை தாண்டின சந்திரன், பையன் யார் பேச்சுக்கும் அடங்க மாட்டான், தாய்க்கும் அவனுக்கும் ஒட்டாதுன்னு சொல்லி பரிகாரத்துக்கு ஒரு தொகை கேட்டாரு. நாங்க கட்டல. ஆனா அந்த வார்த்தை மனசை விட்டு போக மாட்டேங்குது, குழந்தைக்கு பால் குடுக்கும்போது கூட ஞாபகம் வந்துடுது. இந்த டெக்லினேஷன் நம்ம ஜோதிடத்துல இருக்கா, இல்ல வெளிநாட்டு சமாச்சாரமா? இருந்தா அது உண்மையிலேயே இப்படித்தான் சொல்லுதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மொட்டைமாடி_வானம்:
மீனாக்கா, பலன் சொல்ற அளவுக்கு எனக்கு ஜோதிடம் வராது, வானம் பாக்குறவன். அந்த டேபிள் என்னன்னு மட்டும் சொல்லிடுறேன். ஜாதகக் கட்டத்துல நாம எழுதுறது கிரகம் ராசிச் சக்கரத்துல எத்தனாவது பாகைல நிக்குதுன்னு மட்டும்தான். அது வான நடுக்கோட்டுல இருந்து எவ்ளோ வடக்க, எவ்ளோ தெற்க தள்ளி நிக்குதுங்கிறது கட்டத்துல வராது. அந்த அளவுதான் டெக்லினேஷன், பஞ்சாங்கம் கணிக்கிறவங்க கிராந்தின்னு சொல்றது. சூரியன் ஜூன் 21 வாக்குல வடக்க 23 பாகை 26 கலை (60 கலை ஒரு பாகை), டிசம்பர் 21 வாக்குல தெற்க அதே அளவு, அதுக்கு மேல ஒரு அடி போகாது. சென்னைல ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும் மத்தியானம் நிழல் காணாம போகுதே, அன்னிக்கு சூரியனோட கிராந்தியும் சென்னையோட அட்சரேகையும் ஒண்ணு, 13 பாகை, அவ்ளோதான் விஷயம்.

சந்திரன் அப்படி இல்ல. அதோட பாதை சூரியன் பாதைல இருந்து 5 பாகை சாஞ்சு கிடக்கு, அதனால சூரியன் தொடாத இடத்தையும் போய் தொடும். 23 பாகை 26 கலையோட ஒரு 5 பாகை 9 கலை சேத்தா 28 பாகை 35 கலை. நீங்க சொன்ன அதே பௌர்ணமி ராத்திரி நான் மாடில இருந்தேன், நடு ராத்திரி உச்சிக்கு வரும்போது நிலா தலைக்கு நேரா இல்லாம வடக்க நல்லா சாஞ்சு நின்னுச்சு, என் நிழல் தெற்கு பாத்து தரைல குட்டையா விழுந்துச்சு. பாக்க அவ்ளோ அழகு. பயப்படுற மாதிரி அதுல ஒண்ணும் இல்ல.

மேற்கத்திய_செல்வா:
வணக்கம் மேடம். நான் ரெண்டு முறையும் பாக்குறவன், அதனால அவர் சொன்னதோட மூலம் எங்க இருந்து வருதுன்னு சொல்ல முடியும். அமெரிக்க ஜோதிடர்கள் சூரியனோட எல்லையைத் தாண்டின கிரகத்தை தனியா பாப்பாங்க. சூரியன்ங்கிறது ராஜா, ராஜாவோட கண்ணுக்கு எட்டாத இடத்துல ஒரு கிரகம் இருந்தா அது கட்டுப்பாடு இல்லாம, சில சமயம் ரொம்ப தனித்துவமா வேலை செய்யும்னு அவங்க கருத்து. கலைஞர்கள், புதுசா ஏதாவது கண்டுபிடிக்கிறவங்கன்னு நல்ல பக்கமும் சொல்வாங்க, உங்ககிட்ட பேசினவர் கெட்டதை மட்டும் எடுத்துக்கிட்டாரு. அப்புறம் பேரலல்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு கிரகம் ஒரே பக்கம் ஒரே கிராந்தில இருந்தா சேர்க்கை மாதிரி, எதிரெதிர் பக்கம் அதே அளவுல இருந்தா பார்வை மாதிரி எடுப்பாங்க, பொதுவா 1 பாகை இடைவெளி வரைக்கும். எனக்கு பேரலல்ல நம்பிக்கை உண்டு. கட்டத்துல 2க்கு 12ஆ சம்பந்தமே இல்லாம நிக்கிற கிரகங்க தசா புக்தில ஒண்ணா வேலை செய்யுறதை பாத்திருக்கேன், போய் பாத்தா ரெண்டும் ஒரே கிராந்தி.

கணித_பஞ்சாங்கம்:
நல்ல கேள்விம்மா, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல் விஷயம், இது வெளிநாட்டு சரக்கு கிடையாது. கிரகத்தோட பலத்தை ஆறு வகையா அளக்குற ஷட்பலத்துல கால பலம்னு ஒரு பகுதி, அதுக்குள்ள அயன பலம்னு ஒண்ணு, அது முழுக்க முழுக்க கிராந்தி கணக்குதான். சூரியன், செவ்வாய், குரு, சுக்கிரன் வடக்க போனா பலம் ஏறும். சந்திரனும் சனியும் தெற்க போனா ஏறும். புதனுக்கு ரெண்டு பக்கமும் ஏற்றம்தான். கணக்கு ரொம்ப சுலபம், 24 பாகையோட கிராந்தியை கூட்டியோ கழிச்சோ 48ஆல வகுத்து 60ஆல பெருக்கணும், சூரியனுக்கு மட்டும் வந்ததை இரட்டிக்கணும். பராசரர் முறைல இதையே 45, 33, 12ன்னு மூணு கண்டமா (துண்டா) குடுத்திருக்கும், ராசிக்கு ஒண்ணா எடுத்துக் கூட்டினா 90. இப்ப கம்ப்யூட்டர்ல சூரியனோட கிராந்தி எடுத்து பாத்தாலும் சாயன மேஷத்துல (மார்ச் 20 வாக்குல சூரியன் நிக்கிற இடத்தை மேஷம் 0ன்னு வச்சு எண்றது சாயனம்) 11 பாகை 28 கலை ஏறுது, ரிஷபத்துல 8 பாகை 40 கலை, மிதுனத்துல 3 பாகை 17 கலை, விகிதம் அந்த 45, 33, 12 கிட்டயேதான் வந்து உக்காருது. எந்த கருவியும் இல்லாம மூணு நம்பருக்குள்ள இதை அடக்கி மனப்பாடமா குடுத்தவங்க மேல எனக்கு அளவில்லாத மரியாதை.

இதுல கிரகத்தோட சாயன ஸ்புடம், அதாவது ராசிச் சக்கரத்துல நிக்கிற பாகை, எடுக்கணும். நட்சத்திரத்தை வச்சு எண்ணி ஜாதகத்துல எழுதுற நிராயணத்தை வச்சு போட்டா மொத்தமும் தப்பாயிடும், ஏன்னா உத்தராயணம் தட்சிணாயணம் உண்மையில திரும்புறது டிசம்பர் 21, ஜூன் 21 வாக்குல, தை 1ஆம் தேதி இல்ல.

இப்ப பையன் ஜாதகத்துக்கு வாங்க. நிராயண மிதுனம் 2 பாகைன்னு வச்சுப்போம், மேஷம் 0ல இருந்து 62. ரெண்டு முறைக்கும் உள்ள வித்தியாசமான அயனாம்சம் 24ஐக் கூட்டினா சாயனத்துல 86. அதுக்கு கிராந்தி 23 பாகை 20 கலைக்கு மேல, வடக்கு. சந்திரனுக்கு வடக்குன்னா கழிக்கணும், 24ல இருந்து கழிச்சா மிச்சம் ஒரு பாகை கூட தேறல, அயன பலம் 1 விரூபா (பலத்தை அளக்குற அலகு) அளவுதான். ஆமா, அயன பலம் இல்லாத சந்திரன், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா அதே கால பலத்துக்குள்ள பட்ச பலம், அதாவது வளர்பிறை தேய்பிறையை வச்சு வர்ற பலம், இருக்கே, பௌர்ணமி அன்னிக்கு பொறந்த புள்ளைக்கு அது 60 கிட்ட, சந்திரனுக்கு அதையும் இரட்டிக்கணும்னா 120 கிட்ட வருது. சந்திரனுக்கு மொத்தமா வேண்டியது 360 விரூபா, அதுல மூணுல ஒரு பங்கை பட்ச பலமே குடுத்துடுச்சு. மார்கழியை ஒட்டி வர்ற பௌர்ணமி எல்லாத்துக்கும் இதே கதைதான், சூரியன் தெற்கு கோடில நின்னா எதிர்ல நிக்கிற முழு நிலா வடக்கு கோடிலதான் நிக்கணும், அயனத்துல விட்டதை பட்சத்துல ரெண்டு மடங்கா வாங்கிக்கும். ஒண்ணை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு தாய்க்கும் புள்ளைக்கும் ஒட்டாதுன்னு சொல்றது பலன் சொல்றதே இல்லம்மா.

ஷட்பல_ரவி:
சார் ஒரு டவுட். நான் வச்சிருக்க சாஃப்ட்வேர்ல இந்த தேதி போட்டா சந்திரன் அயன பலம் மைனஸ்ல வருது, மைனஸ் 5 கிட்ட. இன்னொரு சாஃப்ட்வேர்ல 1க்கு கீழ. பலம்ங்கிறது எப்படி மைனஸ்ல போகும்? எது சரி?

கணித_பஞ்சாங்கம்:
ரவி தம்பி, சரியான இடத்துல கை வச்சிருக்கீங்க. முதல் சாஃப்ட்வேர் சந்திரனோட விக்ஷேபத்தையும் (சூரியன் பாதைல இருந்து விலகுற அளவு) சேத்து 28 பாகைக்கு மேலன்னு எடுத்திருக்கு, 24ல இருந்து அதை கழிச்சா மைனஸ்தான் வரும். அதே சந்திரன் தெற்க 28ல இருந்தா 60ஐ தாண்டி 65 வரும் பாருங்க. கண்டத்தை வச்சு போடுற பழைய முறைல ஸ்புடத்தை மட்டும்தான் எடுக்குறோம், அதனால 0க்கு கீழயும் போகாது, 60க்கு மேலயும் போகாது. அயன பலத்துக்கு அதுதான் பொருத்தம்னு நான் சொல்லுவேன். அதுக்காக விக்ஷேபம் தெரியாதவங்கன்னு நினைச்சுடாதீங்க. பழைய வான கணித நூலான சூரிய சித்தாந்தத்துல சூரியனோட பரம கிராந்தி (அதிகபட்ச அளவு) 24 பாகை, சந்திரனோட பரம விக்ஷேபம் 270 கலை, அதாவது நாலரை பாகை, கூட்டினா 28 பாகை 30 கலை. மாடி தம்பி மேல சொன்ன 28 பாகை 35 கலைக்கும் இதுக்கும் 5 கலைதான் வித்தியாசம். அவ்ளோ துல்லியமா தெரிஞ்சு வச்சிருந்தவங்க சந்திரன் சூரியனைத் தாண்டி போறதை ஒரு தோஷமா எழுதவே இல்ல. இதை மீனாம்மா கவனிக்கணும்.

மொட்டைமாடி_வானம்:
இதோட இன்னொண்ணு சேத்துக்கோங்க. சந்திரன் எப்ப எல்லை தாண்டும்ங்கிறது ராகுவை (சந்திரன் பாதை சூரியன் பாதையை வடக்க வெட்டிப் போற இடம்) வச்சே சொல்லிடலாம், டேபிளே வேணாம். ராகு சாயன மேஷம் 0 பாகைல இருந்தா சந்திரன் ஆட்டம் உச்சம், 28 பாகைக்கு மேல வரைக்கும் போகும். நிராயணத்துல அது மீனம் 6 பாகை கிட்ட, 2025 ஜனவரி வாக்குல ராகு அங்கதான் இருந்துச்சு. ராகு கன்னில இருந்த 2015ல பாத்தீங்கன்னா சந்திரன் 18 பாகையோட திரும்பிடுச்சு, ஒரு தடவை கூட எல்லை தாண்டல. ராகு ஒரு சுத்து சுத்த 18.6 வருஷம், இந்த ஏத்த இறக்கமும் அதே 18.6 வருஷம். 2020 வாக்குல எல்லை தாண்ட ஆரம்பிச்சது 2030 பக்கம் வரைக்கும் மாசா மாசம் தாண்டிக்கிட்டேதான் இருக்கும்.

கணக்கு போட்டு பாத்தேன், உச்சமா இருந்த 2024, 2025ல சந்திரன் 27 நாள்ல வடக்க 5 நாள் தெற்க 5 நாள் எல்லைக்கு வெளிய இருந்துச்சு. 27ல 10. அந்த ரெண்டு வருஷத்துல உலகத்துல பொறந்த குழந்தைங்கள்ல மூணுல ஒண்ணுக்கு மேல எல்லை தாண்டின சந்திரன்தான் அக்கா. அத்தனை குழந்தைக்குமா அம்மாவோட ஒட்டாது?

நொய்யல்_மீனா:
மூணுல ஒண்ணுன்னு படிச்சதும்தான் மூச்சே வந்துச்சு தம்பி. எங்க வீட்டுக்காரர்கிட்ட சத்தமா படிச்சு காமிச்சேன். கணிதம் சார், பட்ச பலம் பத்தி அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லல, பௌர்ணமி குழந்தைன்னு நாங்களே சொல்லியும். இன்னொரு சந்தேகம், செல்வா சார் சொன்ன பேரலல் நம்ம முறைல இருக்கா?

குளித்தலை_சுந்தரம்:
அதுக்கு நான் பதில் சொல்றேன் அம்மா. வியதீபாதம், வைதிருதின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வருஷத்துக்கு 96 தர்ப்பணம் பண்றவங்களுக்கு அதுல வியதீபாதம் 13, வைதிருதி 13. மார்கழில வியதீபாதம் வந்தா விடிய முன்னாடி சிவன் கோவிலுக்கு போறது எங்க பக்கம் இன்னும் இருக்கு. இந்த ரெண்டுக்கும் மூலம் கிராந்திதான். சூரியனும் சந்திரனும் ஒரே பக்கத்துல ஒரே கிராந்தில, ஆனா வேற வேற அயனத்துல இருந்தா வியதீபாதம். எதிரெதிர் பக்கத்துல அதே அளவு கிராந்தில, ஒரே அயனத்துல இருந்தா வைதிருதி. சூரிய சித்தாந்தத்துல பாதாதிகாரம்னு இதுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. செல்வா தம்பி பேரலல்னும் எதிர் பேரலல்னும் சொல்றது கணக்குல இதேதான். ஆனா அந்த நேரத்துல சுப காரியம் கூடாது, ஸ்நானம் தானம் தர்ப்பணம் ஜபம் பண்ணுன்னுதான் சொல்லியிருக்கு.

கணித_பஞ்சாங்கம்:
சுந்தரம் ஐயா சொன்னதுக்கு நன்றி, நான் இதைத்தான் அடுத்து எழுதணும்னு இருந்தேன். ஒரு சின்ன விஷயம் மட்டும் சேக்கணும். பஞ்சாங்கத்துல 27 யோகத்துல 17வதா வர்ற வியதீபாதமும் 27வதா வர்ற வைதிருதியும் நிராயண ஸ்புடத்தைக் கூட்டி வர்றது. கிராந்தி சமமாகுற மகாபாதம் வேற. அயனாம்சம் இப்ப 24 பாகையை தாண்டிட்டதால ரெண்டும் பிரிஞ்சு நிக்குது. இன்னிக்கு தேதில கிராந்தி வியதீபாதம் 10வது யோகமான கண்டத்தை ஒட்டி வரும், கிராந்தி வைதிருதி 24வதான சுப்பிரத்தை ஒட்டி வரும், சந்திரனோட விக்ஷேபத்தால கொஞ்சம் முன்ன பின்ன போகும். சுப்பிரம்னு பேர் பாத்து முகூர்த்தம் வைக்கிறோம், உள்ள வைதிருதி ஓடிட்டு இருக்கும். முகூர்த்தம் குறிக்கிறவங்க இதை ஒரு தடவை கணக்கு போட்டு பாத்துடுங்கன்னு கையெடுத்து கேட்டுக்குறேன். மகாபாத நேரத்தை தனியா போடுற பஞ்சாங்கங்களும் இருக்கு.

செல்வா சாருக்கு. மகாபாதம்ங்கிறது சூரிய சந்திரனுக்கு மட்டும் சொன்னது, முகூர்த்தத்துக்கு சொன்னது. அதை எல்லா கிரகத்துக்கும் ஜாதகத்துக்கும் நீட்டுறது உங்க ஆராய்ச்சி, நான் தடுக்கல. ஆனா அந்த 1 பாகை இடைவெளி எனக்கு ஒத்துக்கல. சூரியன் மார்ச் 20 வாக்குல ஒரு நாளைக்கு 24 கலை நகருது, 1 பாகை இந்தப்பக்கம் 1 பாகை அந்தப்பக்கம்னா 5 நாள்ல முடிஞ்சிடும். ஜூன் 21 வாக்குல ஆமை மாதிரி நகருது, கோடில இருந்து 1 பாகைக்குள்ளயே ஒரு மாசத்துக்கு மேல நிக்கும். ஆனி மாசத்துலயும் மார்கழிலயும் பொறந்தவங்களுக்கு, அதுலயும் புதன் சுக்கிரன் சூரியனை விட்டு தூரம் போகாததுங்கிறதால, பேரலல் சும்மாவே குவிஞ்சுடும். அதை தசா புக்தியோட பொருத்திப் பாத்தா பொருந்தாம என்ன செய்யும்?

மேற்கத்திய_செல்வா:
நியாயமான கேள்வி சார். கோடி பக்கத்துல இருக்க பேரலலுக்கு நானும் இடைவெளியை ரொம்ப சுருக்கிதான் எடுப்பேன், 10 கலை 15 கலை. ஆனா கிராந்தி நம்மளுக்கு வெறும் பல அளவு மட்டும்தான்னு நீங்க சொன்னா அதை ஏத்துக்க மாட்டேன். சூரிய சந்திர சமகிராந்திக்கு அவ்ளோ பெரிய சக்தி இருக்குன்னு நம்ம பெரியவங்களே சொல்லி இருக்கும்போது குரு சனிக்கு அது இல்லாம போயிடுமா? பாத்துக்கிட்டு இருக்கேன், இன்னும் பாப்பேன்.

ஷட்பல_ரவி:
எல்லாரும் சந்திரனையே பேசுறீங்க, என் ஜாதகத்துல செவ்வாய் மகரத்துல 27 பாகை, உச்சம், ஆனா அயன பலம் 12 தான் காட்டுது. உச்ச கிரகத்துக்கு எப்படி சார் இது? சாஃப்ட்வேர் தப்பா?

கணித_பஞ்சாங்கம்:
சாஃப்ட்வேர் சரியாத்தான் சொல்லுது தம்பி. உச்சம்ங்கிறது ஸ்தான பலம், அயனம்ங்கிறது கால பலம், ரெண்டும் ஒண்ணு சொல்லணும்னு கட்டாயம் இல்ல. செவ்வாய் மகரம் 28ல பரம உச்சம், அது சாயனத்துல கும்பம் 22, கிராந்தி தெற்க 14. வடக்குல பலம் வாங்குற கிரகம் தெற்க கிடக்கு, 24ல 14 போக மிச்சம் 10, அதுக்கு 12 விரூபா. செவ்வாய்க்கு அயன பலம் குறைஞ்சது 20 வேணும். சந்திரன் நிலைமை இன்னும் மோசம், ரிஷபம் 3ல பரம உச்சம், கிராந்தி வடக்க 19 பாகைக்கு மேல, அயன பலம் 5 சொச்சம், வேண்டியது 40. அதே குரு கடகம் 5ல பரம உச்சம், கிராந்தி வடக்க 20, அயன பலம் 55, உச்சமும் அயனமும் ஒரே திசைல இழுக்குது. சனி துலாம் 20ல தெற்க 16, பலம் 50. அதனாலதான் உச்ச குருவும் உச்ச சனியும் தசைல தூக்கி நிறுத்துற மாதிரி உச்ச செவ்வாய் எல்லாருக்கும் நிறுத்துறதில்லன்னு என் அனுபவம். வீரம் இருக்கும், காலம் ஒத்துழைக்காது, எடுத்த காரியம் ரெண்டாவது முயற்சிலதான் ஜெயிக்கும். நான் கிராந்தியை ஜாதகத்துல எடுத்துக்குறது இந்த அளவுக்குத்தான், ஒரு கிரகம் தன் காலத்துல நிக்குதா இல்லையான்னு பாக்க.

ஷட்பல_ரவி:
சார் ரெண்டாவது முயற்சின்னு எழுதினீங்களே, செவ்வாய் தசைல போலீஸ் செலக்‌ஷன் முதல் தடவை உயரத்துல போச்சு, அடுத்த தடவைதான் கிடைச்சுது. நான் இங்க இதை சொன்னதே இல்ல.

குளித்தலை_சுந்தரம்:
மீனாம்மா, உங்களுக்கு ஒண்ணு. பரிகாரம்னு யார் பணம் கேட்டாலும் குடுக்காதீங்க. மிருகசீரிஷத்துக்கு அதிதேவதை சந்திரனே, பையனோட நட்சத்திரம் வர்ற அன்னிக்கு பக்கத்து சிவன் கோவில்ல அபிஷேகத்துக்கு கொஞ்சம் பால் வாங்கிக் குடுங்க. தோஷத்துக்காக இல்ல, பொறந்த நட்சத்திரத்துக்காக.

நொய்யல்_மீனா:
கண்டிப்பா ஐயா, அடுத்த மிருகசீரிஷத்துக்கே போறோம். கணிதம் சார், அந்த 45, 33, 12 கணக்கை நானே போட்டு கத்துக்கணும்னு ஆசையா இருக்கு, பையனுக்கு குருவும் சனியும் எவ்ளோ வருதுன்னு பாக்கணும். ஸ்புடம் எல்லாம் வச்சிருக்கேன், முதல் படில இருந்து சொல்லித் தருவீங்களா?

கணித_பஞ்சாங்கம்:
தாராளமா அம்மா. முதல்ல எல்லா கிரகத்தோட நிராயண ஸ்புடத்தோட 24 பாகை 12 கலையைக் கூட்டி சாயனமா எழுதிக்கோங்க, புள்ளை பொறந்த தேதிக்கு அயனாம்சம் அந்த அளவுதான். அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் மேஷம் 0, துலாம் 0 ரெண்டுல எது பக்கமோ அதுல இருந்து எத்தனை பாகை தள்ளி இருக்குன்னு எழுதுங்க, 90க்கு மேல வரக்கூடாது. அதை இங்க போடுங்க, அங்க இருந்து கண்டம் எடுக்குறதை புதுசா ஒரு இழைல காட்டுறேன், ரவி தம்பியும் வரட்டும்.